வாடகைக்கு விட முதல் வீடு வாங்குகிறீர்களா? கடன், பெயர், பத்திரம்: எதை முதலில் முடிப்பது

வாடகைக்கு விடலாம் என்று முதல்முறை வீடு வாங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. வீடு பிடித்துப்போகிறது. "வேற பார்ட்டியும் பார்த்துட்டுப் போயிருக்காங்க" என்கிறார் தரகர். அன்று சாயங்காலமே டோக்கன், அதாவது முன்பணம், கைமாறிவிடுகிறது. கடன் எவ்வளவு கிடைக்கும், பத்திரம் யார் பெயரில், விற்பவருக்கு விற்கும் உரிமை முழுசாக இருக்கிறதா என்ற கேள்விகள் அதற்கப்புறம்தான் எழுகின்றன. பதில் பாதகமாக வந்தால், பணம் ஏற்கெனவே அடுத்தவர் கையில்.

தமிழ்நாட்டில் வங்கிக் கடனோடு ஒரு வீடு வாங்கும்போது எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வரிசையில் டோக்கன் ஆறாவது படியில்தான் வருகிறது.

தொடங்கும் முன் பான், ஆதார், சம்பளச் சீட்டுகள், கடந்த ஒரு வருட வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்த நகல்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். சொந்தத் தொழில் என்றால் மூன்று வருடக் கணக்கு தேவைப்படும். அப்புறம், சொத்து ஆவணம் படித்துப் பழகிய ஒரு வழக்கறிஞர் வேண்டும். அவரைத் தரகரோ விற்பவரோ காட்டியிருக்கக் கூடாது. நீங்களே தேடிப் பிடித்தவராக இருக்கட்டும்.

1. கையில் எவ்வளவு ரொக்கம் வேண்டும்?

வீட்டு விலை முழுவதற்கும் எந்த வங்கியும் கடன் தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். இது உச்சவரம்புதான். வங்கி அதைவிடக் குறைத்தும் தரலாம். மதிப்பு என்பதும் நீங்கள் பேசிய விலையாக இருக்க வேண்டியதில்லை. வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் தொகை அதைவிடக் குறைவாக இருந்தால், அதை வைத்துத்தான் கடன்.

பலரும் தவறவிடுவது பதிவுச் செலவை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு, கடன் கணக்கில் இந்தச் செலவை வங்கி சேர்த்துக்கொள்ளாது. முழுக்க உங்கள் கைக்காசு.

50 லட்ச ரூபாய் வீட்டை எடுத்துக்கொள்வோம். கடன் 40 லட்சம் வரை கிடைக்கலாம். மீதி 10 லட்சம், பதிவுக்கு 4.5 லட்சம், ஆக 14.5 லட்சம் உடனடியாகத் தேவை. தரகு, வழக்கறிஞர் கட்டணம், கடன் ஆவணச் செலவு, வெள்ளையடிப்பு, பிளம்பிங் வேலை எல்லாம் இதற்கு மேல். 16 லட்சத்துக்குக் குறைவாகக் கையில் வைத்துக்கொண்டு 50 லட்ச ரூபாய் வீடு தேட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பற்றாக்குறைக்குத் தனிநபர் கடன் எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அந்தத் தவணை கடன் அறிக்கையில் ஏறியதும், வங்கி உங்கள் தகுதித் தொகையைக் குறைத்துவிடும். ஓட்டையை அடைக்கப் போய் அதைப் பெரிதாக்குவதுதான் மிச்சம்.

கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி வீடு என்றால் கணக்கு மாறும். பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி சேரும். குறைந்த விலை வீடுகள் என்ற வரையறைக்குள் வந்தால் 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று பெற்ற பிறகு விற்கப்படும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

2. தவணைக்கும் வாடகைக்கும் உள்ள இடைவெளி

"வாடகையே இஎம்ஐயைக் கட்டிடும்" என்ற நம்பிக்கையோடு வருபவர்களிடம் நான் முதலில் பேனாவைத்தான் கொடுப்பேன். 40 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். முதல் மாதம் அதில் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது ஆறாயிரத்துச் சொச்சம்தான்.

அதே வீட்டுக்கு 14,000 ரூபாய் வாடகை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கலாம். சொத்து வரி, பராமரிப்பு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் போக, மாதம் 11,500 நின்றால் நல்லது. ஆக, மாதா மாதம் 23,000 ரூபாய் சம்பளத்திலிருந்து போக வேண்டும். அதைப் பல வருடம் தாங்க முடியுமா என்பதுதான் கேள்வி.

வட்டி ஏறினால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே பாருங்கள். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தனிநபர்களுக்குத் தரும் புதிய மிதவை (ஏறி இறங்கும்) வட்டி வீட்டுக் கடன்கள், ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. ரெப்போ அசைந்தால் உங்கள் வட்டியும் அசையும். 9.5 சதவீதமானால் அதே கடனுக்குத் தவணை சுமார் 37,300. பல நேரம் வங்கி தவணையை அப்படியே வைத்துக் காலத்தை நீட்டிவிடும். நீட்டுவதா, தவணையை உயர்த்துவதா என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை அந்த உரிமையைத் தருகிறது. உயர்த்த முடிந்தால் உயர்த்திவிடுங்கள். நீட்டிய காலம் முழுக்க வட்டி ஓடும்.

வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போடுபவர்கள் பழையது, புதியது என்ற இரண்டு வருமான வரி முறைகளில் தாங்கள் எதில் இருக்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். வாடகையிலிருந்து கட்டிய சொத்து வரி கழியும். மீதியில் 30 சதவீதம் நிலைக் கழிவு. அப்புறம் கடன் வட்டி. மேலே சொன்ன உதாரணத்தில் முதல் வருட வட்டி மட்டும் 3.3 லட்சத்தைத் தாண்டும், ஆக வீட்டு வருமானத்தில் 2 லட்சத்துக்கு மேல் நஷ்டம் காட்டும். பழைய முறையில் அதில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் சம்பளத்தோடு கழிக்கவே முடியாது. புதிய முறையில் இருந்துகொண்டு பழைய முறையின் சலுகையை மனதில் வைத்து வீடு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜூலையில் கணக்கு தாக்கல் செய்யும்போதுதான் அவர்களுக்கு விஷயம் தெரிகிறது.

3. பத்திரம் யார் பெயரில்?

வீடு தேடும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். கடன் விண்ணப்பம், ஒப்பந்தம், பத்திரம், வரி எல்லாமே இந்த ஒரு முடிவைத் தொடர்ந்து போகின்றன. நான் வைத்திருக்கும் எளிய விதி: பணம் போடுபவர், கடன் வாங்குபவர், பத்திரத்தில் பெயர் உள்ளவர் மூவரும் ஒரே ஆளாக, அல்லது அதே ஆட்களாக இருக்கட்டும். இதில் ஒன்று விலகினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டுதான் விலக வேண்டும்.

மனைவி பெயரில் மட்டும்: கணவர் கணக்கில் காட்டிய வருமானத்திலிருந்து மனைவி பெயரில் வாங்கலாம். ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமி சட்டத்தில் அதற்கு விலக்கு உண்டு. ஆனால் பணம் முழுக்கக் கணவருடையது என்றால், வாடகை வருமானம் கணவர் கணக்கில்தான் சேரும். வரி மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக இப்படிச் செய்வதில் பயனில்லை. பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணம் குறையும் என்பதும் பாதி உண்மைதான். 2025 ஏப்ரல் முதல் உள்ள ஒரு சதவீதச் சலுகை 10 லட்சம் வரையிலான சொத்துக்கு மட்டும்.

அப்பா, அம்மா பெயரில் மட்டும்: இங்கேதான் பலர் தெரியாமல் தவறு செய்கிறார்கள். 2016இல் திருத்தப்பட்ட பினாமி சட்டத்தில் கணவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள தனி விலக்கு பெற்றோருக்கு இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோர் பெயரில் வாங்கினால், பணம் போட்டவரின் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருக்க வேண்டும். பாசத்தில் செய்வதாக இருந்தாலும் உங்கள் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

கூட்டுப் பெயரில்: யாருக்கு எத்தனை பங்கு என்று பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவுப்படி அவரவர் போட்ட பணத்தின் விகிதம். அதற்கும் ஆதாரம் இல்லையென்றால் சமபங்கு என்று கருதப்படும். ஒருவர் 35 லட்சமும் இன்னொருவர் 15 லட்சமும் போட்டிருந்தால் "70, 30" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். பிற்பாடு வாடகை வருமானத்தைப் பிரித்துக் காட்டுவதற்கும் அந்த வரிதான் ஆதாரம்.

கடனில் மட்டும் பெயர்: தகுதித் தொகையைக் கூட்ட அண்ணனையோ தம்பியையோ கூட்டுக் கடனாளியாகச் சேர்ப்பார்கள். பத்திரத்தில் பெயர் இல்லாத அவருக்கு வீட்டில் உரிமை கிடையாது, வட்டிக் கழிவும் கிடையாது. கடனுக்கு மட்டும் முழுப் பொறுப்பு. நாளைக்கு அவர் தனக்கென்று வீட்டுக் கடன் கேட்கும்போது இந்தக் கடன் குறுக்கே நிற்கும். கையெழுத்துக் கேட்கும் முன் இதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் நியாயம். மறுபுறம், பத்திரத்தில் பெயருள்ள எல்லாரையும் வங்கி பொதுவாகக் கடனிலும் சேர்க்கச் சொல்லும். ஓய்வு பெறும் வயதில் உள்ளவர் சேர்ந்தால் கடன் காலம் சுருங்கலாம்.

நண்பர்கள் சேர்ந்து வாங்குவதை, முதல் வீட்டுக்கு நான் ஆதரிப்பதில்லை. கூட்டு உரிமையாளர் யார் வேண்டுமானாலும் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடலாம். ஒரு சின்ன வீட்டைக் குறுக்கே பிரிக்க முடியாது, கடைசியில் விற்கத்தான் வேண்டியிருக்கும். வாங்கியே தீருவது என்றால், ஒருவர் விலகும்போது மற்றவர் எந்த மதிப்பில், எத்தனை மாதத்துக்குள் வாங்கிக்கொள்வார் என்பதை முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இன்னொன்று. கூட்டாக வாங்கிய கணவர் இறந்தால் அவருடைய பங்கு தானாக மனைவிக்குப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். உயில் இல்லையென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்தப் பங்கு மனைவி, பிள்ளைகள், உயிரோடு இருக்கும் தாய் என எல்லாருக்கும் சமமாகப் பிரியும். பத்திரம் பதிந்த கையோடு உயிலும் எழுதிவிடுவது நல்லது.

4. வீடு பார்க்கும் முன் கடன் அனுமதி

கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கிப் பாருங்கள். என்றோ முடித்த வண்டிக் கடன் இன்னும் நிலுவையாகக் காட்டினால், சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும்.

அப்புறம் இரண்டு மூன்று வங்கிகளில் தகுதித் தொகையை எழுத்தில் கேளுங்கள். இது இரண்டாவது வீடா, வாடகைக்கு விடப்போகிறீர்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வட்டியும் தொகையும் அதைப் பொறுத்து மாறலாம். மிதவை வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது, நிலையான வட்டியில் இருக்கலாம். கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீட்டை நீட்டினால், ஒரே தவணை பிரீமியத்தைக் கடன் தொகையில் ஏற்றுகிறார்களா என்று பாருங்கள். ஏற்றினால் அந்தப் பிரீமியத்துக்கும் 20 வருடம் வட்டி கட்டுவீர்கள். காப்பீடு தேவைதான், தனியாக டேர்ம் பாலிசியாக எடுக்கலாம்.

5. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா?

வீடு பிடித்துவிட்டது. இப்போது கேட்க வேண்டியது டோக்கன் தொகையை இல்லை, ஆவண நகல்களை. கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், பட்டா, சொத்து வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம். நகல் தரத் தயங்கும் இடத்தில் பணம் தர நீங்களும் தயங்க வேண்டும்.

வில்லங்கச் சான்றை (சொத்தின்மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல், சுருக்கமாக ஈசி) பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்கு எடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் என்று இரண்டு பெயர் இருக்கும். பழைய பதிவிலிருந்து கீழே வரிசையாக வாருங்கள். ஒரு பதிவில் வாங்கியவர்தான் அடுத்த பதிவில் கொடுத்தவராக வர வேண்டும். 1994இல் முருகேசன் வாங்கியிருக்கிறார், 2011இல் செல்வம் விற்கிறார், நடுவில் ஒன்றுமே இல்லை என்றால், முருகேசனிடமிருந்து செல்வத்துக்கு எப்படி வந்தது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. மகனாக இருக்கலாம். அப்படியானால் மற்ற வாரிசுகள் எங்கே?

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். பதியாத உயில், கையெழுத்துப் போடாத வாரிசு ஆகியவை அதில் வராது. அதனால் "ஈசி சுத்தமா இருக்கு" என்ற ஒரு வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு நடந்தது இது. அண்ணன் தம்பி இருவர், இறந்துபோன அப்பா வாங்கிய வீட்டை விற்றார்கள். இவர் இரண்டு லட்சம் டோக்கன் கொடுத்து ஒப்பந்தமும் போட்டுவிட்டார். வங்கி வழக்கறிஞர் வாரிசுச் சான்றிதழ் கேட்டார். அதில் மூன்றாவதாக ஒரு பெயர், கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் அக்கா. "அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே" என்றார்கள் தம்பிகள். சட்டத்தில் அதற்கு இடமில்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு. பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாட்டில் 1989 திருத்தமும் நாடு முழுவதும் 2005 திருத்தமும் மகள்களைப் பங்குதாரர்களாக்கியிருக்கின்றன. அக்கா தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரவில்லை. கடன் நின்றது. டோக்கன் திரும்பி வர ஏழு மாதம் ஆனது, அதுவும் பாதிதான்.

உரிமையாளர் சார்பில் பவர் (அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் பதிவு நாளில் உயிரோடு இருக்கிறார், ரத்து செய்யவில்லை என்று உறுதிசெய்யுங்கள். அவரோடு நேரில் பேசிவிடுவது இன்னும் நல்லது. பவர் பத்திரத்தையே உங்கள் பெயரில் எழுதிக்கொண்டு "வாங்கியாச்சு" என்று இருக்க முடியாது. அப்படிச் செய்வதால் உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பட்டாவில் உள்ள சர்வே எண்ணும் உட்பிரிவும் பத்திரத்தோடு பொருந்துகின்றனவா, பரப்பளவு ஒன்றா என்று பாருங்கள். அடுக்குமாடி வீட்டில் பிரிக்கப்படாத மனைப் பங்கு (மொத்த நிலத்தில் உங்கள் பங்கு) எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் இருக்க வேண்டும். மனை என்றால் நகரமைப்பு அமைப்புகளான டிடிசிபி அல்லது சிஎம்டிஏவின் அனுமதி, அனுமதியற்ற பிரிவு என்றால் வரன்முறைப்படுத்திய உத்தரவு. வரன்முறைத் திட்டம் 20.10.2016க்கு முன் பதிவான மனைகளை வைத்து வந்தது என்பதால் அந்தத் தேதி முக்கியம். கட்டிக்கொண்டிருக்கும் திட்டத்தில், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோ இருந்தால் ரெரா (வீட்டுத் திட்டங்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கட்டாயம்.

"வங்கி லீகல் பார்த்துக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். வங்கி பார்ப்பது அதன் கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை. உங்கள் பத்து லட்சத்தைப் பற்றிக் கவலைப்பட உங்கள் வழக்கறிஞர் வேண்டும்.

6. இப்போது டோக்கன், அப்புறம் கிரய ஒப்பந்தம்

டோக்கன் சிறியதாக, வங்கி வழியாக, ரசீதோடு. "ஆவணக் குறையால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் தொகை முழுதும் திருப்பித் தரப்படும்" என்ற வரி ரசீதிலும் ஒப்பந்தத்திலும் இருக்கட்டும். அந்த ஒரு வரி மேலே சொன்னவரிடம் இருந்திருந்தால், மீதிப் பாதியைக் கேட்கவும் அவருக்கு ஆதாரம் இருந்திருக்கும். ஒப்பந்தத்துக்கு மூன்று மாதமாவது கெடு வையுங்கள், கடன் நடைமுறை ஒரு மாதத்தில் முடியும் என்று நம்பி நெருக்கமாகப் போட வேண்டாம். ரெரா திட்டத்தில், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது.

சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. ரொக்கத்தை வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். "வழிகாட்டி மதிப்புக்குப் பதிவோம், மீதியைக் கையில் குடுங்க" என்று, அதாவது பதிவுக்கு அரசு வைத்த மதிப்பை மட்டும் பத்திரத்தில் காட்டலாம் என்று, கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்திர விலை குறைந்தால் கடன் குறையும், பின்னால் நீங்கள் விற்கும்போது குறைத்துக் காட்டிய தொகை முழுக்க உங்கள் லாபமாகக் கணக்காகும். வாங்கி 24 மாதம் கழித்து விற்றாலும் அந்த லாபத்துக்கு 12.5 சதவீத வரி.

7. பதிவு நாள்

விற்பவருக்கு அதே வீட்டின்மேல் கடன் இருந்தால், அவர் வங்கியிலிருந்து நிலுவைத் தொகைக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். உங்கள் வங்கியின் முதல் காசோலை அந்தக் கடனுக்கே நேராகப் போகட்டும். அவர் கையில் கொடுத்து அவர் அடைப்பார் என்று விட வேண்டாம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை டிடிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) ஆகப் பிடித்து நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டும். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள். வாங்குபவர் இருவர், ஆளுக்கு 25 லட்சம்தானே என்று பிரித்துப் பார்க்க முடியாது, மொத்த விலைதான் கணக்கு. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது. விகிதம் மிக அதிகம், 50 லட்ச வரம்பும் இல்லை. ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

முந்தின நாள் ராத்திரி பத்திர வரைவை ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் மூலப் பத்திரத்தில் விரல் வைத்துச் சரிபாருங்கள். இனிஷியல், சர்வே எண், நான்கெல்லை, பரப்பளவு. "தெற்கு" இருக்க வேண்டிய இடத்தில் "வடக்கு" விழுந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும், அதற்கு விற்பவர் மறுபடி வர வேண்டும். பணம் வாங்கிப் போனவரை மறுபடி வரவைப்பது லேசில்லை.

8. பதிவுக்குப் பிறகு

பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு மூன்றையும் உடனே பெயர் மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று எடுத்து உங்கள் பெயரும், வங்கிக்கு ஆவணம் ஒப்படைத்த பதிவும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். குடிவைக்கும்போது வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

கடன் முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடைசித் தவணை கட்டிய 30 நாளுக்குள் வங்கி மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஆவணங்களை வாங்கும்போது, கடன் தரும்போது கொடுத்த பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணி வாங்குங்கள். அப்புறம் வங்கி ஆளோடு சார்பதிவாளர் அலுவலகம் போய், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதியுங்கள். இதை விட்டால் வில்லங்கத்தில் அந்தக் கடன் அப்படியே நிற்கும். நீங்கள் விற்கப் போகும் நாளில், அதை வாங்க வருபவரின் வழக்கறிஞர் அந்த வரியில்தான் விரல் வைப்பார்.